ஃபோர்சைத் கவுண்டியின் கதை: புதிதாகக் குடிவரும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்லாண்டா பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர் வீடு தேடுவது ஃபோர்சைத் கவுண்டியில்தான். முதலில் பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிப்பார்கள், அடுத்து வீட்டு விலை, அப்புறம் அலுவலகம் எவ்வளவு தூரம். குடிவந்து சில மாதங்கள் கழித்து, இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினச் சக ஊழியர் ஒருவர், "ஃபோர்சைத்திலா வீடு வாங்கினீர்கள்? அந்த ஊர் கதை தெரியுமா?" என்று கேட்பார். அன்று இரவு கூகுளில் தேடத் தொடங்குவோம். அப்படித் தேடியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபோர்சைத் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் தெற்கு மாநிலமான ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. ஷெரிஃப், நீதிமன்றம், பள்ளி வாரியம் எல்லாம் கவுண்டிக்கு உரியவை. ஃபோர்சைத்தின் தலைநகரம் கம்மிங். கிழக்கு எல்லையில் லேனியர் ஏரி.

1912-இல் இங்கே என்ன நடந்தது?

1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியில் 1,098 கறுப்பின மக்கள் இருந்தார்கள். வெள்ளையர்கள் 10,000-க்குச் சற்று மேல். கறுப்பினத்தவரில் குத்தகைக்கு உழுதவர்கள் அதிகம். ஆனால் சொந்த நிலம் வைத்திருந்தவர்களும், தேவாலயம் கட்டியவர்களும், வரி கட்டியவர்களும் இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகாத காலத்தில் ஏக்கர் ஏக்கராகச் சேர்த்த நிலம் அது.

1912 செப்டம்பர் முதல் வாரத்தில், கறுப்பின ஆள் ஒருவன் தன் படுக்கையறைக்குள் நுழைந்ததாக ஒரு வெள்ளைப் பெண் புகார் சொன்னார். சிலர் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார் என்று, கிராண்ட் ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரை நீதிமன்ற வாசலில் வைத்தே ஒரு கும்பல் சாட்டையால் அடித்தது. சில நாட்களிலேயே, ஆஸ்கர்வில் என்ற சிற்றூரின் அருகே மே குரோ என்ற 18 வயது வெள்ளைப் பெண் தாக்கப்பட்டுக் காட்டில் கிடந்தார். இரண்டு வாரங்களில் அவர் இறந்துபோனார்.

எர்னஸ்ட் நாக்ஸ் என்ற 16 வயதுப் பையனைப் பிடித்தார்கள். கழுத்தில் கயிறு மாட்டி மிரட்டித்தான் அவனிடம் ஒப்புதல் வாங்கினார்கள். அவனோடு ஆஸ்கர் டேனியல் என்ற இளைஞன், அவனுடைய அக்கா ஜேன், ஜேனோடு வாழ்ந்த ராப் எட்வர்ட்ஸ் ஆகியோரும் பிடிபட்டார்கள். செப்டம்பர் 10 அன்று கம்மிங் சிறைக்குள் புகுந்த கும்பல் ராப் எட்வர்ட்ஸை வெளியே இழுத்துக் கொன்றது. உடலை ஊர்ச் சதுக்கத்தில் ஒரு தொலைபேசிக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். கொன்றவர்கள் யாரென்று ஊருக்கே தெரியும். ஆனாலும் யாருக்கும் தண்டனை இல்லை.

அக்டோபர் 3-ஆம் தேதி விசாரணை நடந்தது. கம்மிங்குக்கு ரயில் கிடையாது. அதனால் அட்லாண்டாவிலிருந்து கைதிகளை பியூஃபோர்டு வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ராணுவக் காவலோடு நடத்திக் கூட்டிவந்தார்கள். முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரி இரண்டு பையன்களும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. சட்டப்படி தூக்கை மறைவாக நிறைவேற்ற வேண்டும் என்பதால் தூக்குமேடையைச் சுற்றி வேலி கட்டியிருந்தார்கள். முந்தைய இரவே அந்த வேலியை எரித்துவிட்டார்கள். அக்டோபர் 25 அன்று, சுற்றியிருந்த மேட்டில் சுமார் 5,000 பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, இரண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள். கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே 12,000 என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு குற்றச்சாட்டுக்காக ஆயிரம் பேரை எப்படி விரட்ட முடிந்தது?

இரவு வேலையாகத்தான் நடந்தது. குதிரையில் வந்தவர்கள் வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். வாசலில் எச்சரிக்கைச் சீட்டு வைத்தார்கள். சில இடங்களில் வெடிமருந்து வைத்தார்கள். தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். குத்தகைக்காரர்கள் முதலில் போனார்கள். வயலில் பருத்தியை அப்படியே விட்டுவிட்டு, வண்டியில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு, பக்கத்துக் கவுண்டியான ஹாலின் கெய்ன்ஸ்வில் ஊருக்கும் அட்லாண்டாவுக்கும் நடந்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தார்கள். கடைசியில் அவர்களும் போனார்கள்.

தங்களிடம் வேலை செய்தவர்களைக் காப்பாற்ற முயன்ற வெள்ளையர்களும் உண்டு. அவர்களுக்கும் மிரட்டல் வந்தது. ஷெரிஃப் தடுக்கவில்லை. விசாரணைக்கும் தூக்குக்கும் ராணுவத்தை அனுப்பிய மாநில அரசு, இரவில் விரட்டப்பட்ட குடும்பங்களுக்காக யாரையும் அனுப்பவில்லை. என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். தூக்குக் கயிறு வரை கைதிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசுக்கு ஆள் இருந்தது. ஆயிரம் பேர் தங்கள் வீட்டில் தூங்குவதற்குக் காவல் கொடுக்க மட்டும் ஆள் இல்லாமல் போனது.

அவர்களுடைய நிலம் என்ன ஆனது?

சிலர் கிடைத்த விலைக்கு விற்றார்கள். ஊரைவிட்டு ஓடுகிறவனிடம் யார் நல்ல விலை கொடுப்பார்கள்? சிலர் பக்கத்து நிலத்தாரோடு மாற்றிக்கொண்டார்கள். இன்னும் சிலருடைய நிலத்துக்கு விற்பனைப் பத்திரமே கிடையாது. பக்கத்து வயல்காரர் வேலியைத் தள்ளிப் போட்டார், உழுதார், அந்த நிலத்துக்கு வரியும் கட்டத் தொடங்கினார். ஜார்ஜியா சட்டத்தில், ஒரு நிலத்தை யாரும் ஆட்சேபிக்காமல் 20 ஆண்டுகள் அனுபவித்தால் அனுபவ பாத்தியதை கிடைக்கும். ஏதாவது ஒரு பத்திரம் கையில் இருந்தால் ஏழே ஆண்டுகள் போதும். ஆட்சேபிக்க வேண்டியவர் அந்தக் கவுண்டிக்குள் கால் வைத்தால் உயிர் மிஞ்சாது என்கிறபோது, ஆட்சேபம் எங்கிருந்து வரும்?

நம்மூரில் வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்க மாட்டோம். தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்போம். இந்தக் கவுண்டியில் சில தாய்ப்பத்திரங்களைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் 1912-ஐ ஒட்டி ஒரு இடைவெளி வரும்.

விரட்டப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இதுவரை நிலமும் திரும்ப வரவில்லை, நஷ்ட ஈடும் வரவில்லை. 1987-இல் இரு இனத்தாரும் சேர்ந்த ஒரு குழு அமைத்தார்கள். நிலத்துக்கு ஈடு என்ற பேச்சு வந்ததும் வெள்ளை உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். ஒரே அறிக்கைகூடக் கொடுக்க முடியாமல் இரு தரப்பும் தனித்தனியாகத்தான் எழுதிக் கொடுத்தன.

அதற்கும் முன்னால் இந்த மண் யாருடையது?

செரோக்கி மக்களுடையது. இந்தப் பகுதியில் தங்கம் கிடைத்ததும் ஜார்ஜியா அரசு செரோக்கி நிலத்தை அளந்து, 1832-இல் குலுக்கல் சீட்டு மூலம் வெள்ளையர்களுக்குக் கொடுத்தது. கவுண்டி உருவானதும் அதே ஆண்டில்தான். 1838-இல் மீதமிருந்த செரோக்கிகளையும் ராணுவம் மேற்கே ஓட்டிச் சென்றது. வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஆக, இந்தக் கவுண்டி பிறந்ததே ஒரு வெளியேற்றத்தில்.

லேனியர் ஏரிக்கடியில் கறுப்பினத்தவர் ஊர் ஒன்று மூழ்கிக் கிடக்கிறதாமே?

யூடியூபிலும் வாட்ஸப்பிலும் சுற்றும் கதை இது. ஆஸ்கர்வில் என்ற செழிப்பான கறுப்பின நகரத்தை அரசு வேண்டுமென்றே தண்ணீரில் மூழ்கடித்தது, அந்த ஆவிகள்தான் ஏரியில் குளிக்கிறவர்களை இழுக்கின்றன என்று சொல்வார்கள்.

நடந்தது வேறு. பியூஃபோர்டு அணை 1950-களில் கட்டப்பட்டு, சுமார் 38,000 ஏக்கர் பரப்பில் ஏரி உருவானது. அப்போது இந்தக் கவுண்டியில் கறுப்பினத்தவரே கிடையாது. அவர்களை விரட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அரசு அணைக்காக நிலத்தை எடுத்தபோது இழப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் அன்றைய வெள்ளை உரிமையாளர்கள். ஆஸ்கர்வில் பகுதி நிலத்தில் ஒரு பங்கு தண்ணீருக்குள் போனது உண்மைதான். அதில் 1912-இல் பறிபோன வயல்களும் அடக்கம்.

ஆவிக் கதையைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். பழியைத் தண்ணீரின் மேல் போட்டுவிட்டால், துப்பாக்கியோடு வந்த மனிதர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

அதன்பின் 75 ஆண்டுகள் உண்மையாகவே கறுப்பினத்தவர் யாருமே இல்லையா?

ஏறக்குறைய இல்லை. 1915-இல் அட்லாண்டா பணக்காரர்கள் மோட்டார் காரில் இந்தப் பக்கம் சுற்றுலா வந்தபோது, அவர்களுடைய கறுப்பின ஓட்டுநர்கள்மீது கல்லெறிந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். 1980-இல் அட்லாண்டா தீயணைப்பு வீரர் ஒருவர் ஏரிக்கரை விருந்துக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். 1987-இல்கூட கவுண்டி 99 சதவீதம் வெள்ளையர்.

இத்தனைக்கும் மார்ட்டின் லூதர் கிங் பிறந்து வளர்ந்த அட்லாண்டா ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மான்ட்கோமரி, பர்மிங்ஹாம், செல்மா என்று தெற்கே போராட்டம் கொதித்த ஆண்டுகளில் ஃபோர்சைத்தில் சத்தமே இல்லை. தனி நாற்காலி, தனிக் குழாய் என்று பலகை வைக்கவேண்டிய தேவைகூட இங்கே இருக்கவில்லை. பிரித்து வைக்க ஆள் இருந்தால்தானே பலகை!

1987-இல் நடந்த பேரணி என்ன?

கம்மிங்கில் கராத்தே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், கிங் பிறந்தநாளையொட்டி ஒரு சகோதரத்துவ நடைப்பயணம் போகலாம் என்று யோசனை சொன்னார். மிரட்டல் தொலைபேசிகள் குவிந்தன. அவர் பின்வாங்கினார். கெய்ன்ஸ்வில்லைச் சேர்ந்த இன்னொரு வெள்ளையர் அதை எடுத்துக்கொண்டார். அட்லாண்டாவிலிருந்து ஹோசியா வில்லியம்ஸ் சேர்ந்தார். 1965-இல் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக, போராட்டத் தலைவர் ஜான் லூயிஸோடு முதல் வரிசையில் நடந்து போலீஸ் தடியடி வாங்கியவர் அவர்.

ஜனவரி 17 அன்று சுமார் 90 பேர் நடந்தார்கள். எதிரே சுமார் 400 பேர். அவர்களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவாத அமைப்பின் ஆட்களும் இருந்தார்கள், உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கல்லும் பீர் பாட்டிலும் பறந்தன. காவலர்கள் போதாமல், நடை பாதியில் நின்றது.

அந்தக் காட்சி அன்று மாலையே நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. 1960-களோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்திருந்த ஒன்றை, 1987-இல் வண்ணத்தில் பார்த்தார்கள். திரும்பவும் நடப்போம் என்று வில்லியம்ஸ் அறிவித்தார்.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 24 அன்று, 20,000 பேர் வந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங், அட்லாண்டா மேயர் ஆண்ட்ரூ யங், ஜெஸ்ஸி ஜாக்சன், ஜான் லூயிஸ், செனட்டர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அட்லாண்டாவில் பேருந்துகள் போதாமல் கூட்டம் மணிக்கணக்கில் காத்து நின்றது. 3,000-க்கு மேற்பட்ட காவலர்களும் தேசியக் காவல் படையினரும் வழி நெடுக நிறுத்தப்பட்டார்கள். எதிர்ப்பாளர்கள் சுமார் 1,000 பேர். அவர்களில் 60 பேர் கைதானார்கள். இந்த முறை நடை நிற்கவில்லை. 1960-களுக்குப் பின் தெற்கில் நடந்த மிகப் பெரிய சிவில் உரிமைப் பேரணி இதுதான். பாதுகாப்புக்கு மட்டும் 6,70,000 டாலருக்கு மேல் செலவு.

1912-இல் ராணுவம் தூக்குமேடையைக் காத்தது. 1987-இல் நடந்தவர்களைக் காத்தது. இடையில் எத்தனையோ பேர் அடிபட்டதால்தான் அந்த மாற்றம் வந்தது.

முதல் நாள் கல்லடி பட்டவர்கள் கிளான் அமைப்புகள்மீது வழக்குப் போட்டார்கள். 1988-இல் ஜூரி ஏறக்குறைய 9,50,000 டாலர் இழப்பீடு விதித்தது. வழக்கில் மாட்டிய கிளான் பிரிவுகளில் ஒன்று 1993-இல் கடையைக் கட்டியது.

ஓப்ரா வின்ஃப்ரே இங்கே வந்தாரா?

வந்தார். 1987 பிப்ரவரியில் தன் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியை கம்மிங்கிலேயே நடத்தினார். அவருடைய நிகழ்ச்சி தேசிய அளவுக்குப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. கவுண்டிக்காரர்களை மட்டும் அரங்குக்குள் விட்டதால் பார்வையாளர்கள் முழுக்க வெள்ளையர்கள். அதை எதிர்த்து வெளியே நின்ற ஹோசியா வில்லியம்ஸ் கைதானார். அந்த நிகழ்ச்சியின் துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன, பாருங்கள். யார் பக்கத்து வீட்டில் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று கேமராவின் முன் கூச்சமே இல்லாமல் பேசுகிறார்கள். எதிர்த்துப் பேசும் உள்ளூர் வெள்ளையர்களும் அதே அரங்கில் எழுந்து நிற்கிறார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஃபோர்சைத் பெயரில் ஒரு வழக்கு உண்டு என்கிறார்களே?

ஆமாம், சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். பேரணிச் செலவைப் பார்த்து மிரண்ட கவுண்டி, ஊர்வலம் போக அனுமதிக் கட்டணம் வைத்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,000 டாலர். எவ்வளவு என்பதை நிர்வாகி முடிவு செய்வார். 1989-இல் கிங் விடுமுறையை எதிர்த்து நீதிமன்றப் படியில் கூட்டம் போட விரும்பிய நேஷனலிஸ்ட் மூவ்மென்ட் என்ற வெள்ளை இனவாத அமைப்பிடம் 100 டாலர் கேட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1992-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் கவுண்டி தோற்றது. எதிர்த்தரப்பு எவ்வளவு கொந்தளிக்கும் என்பதைக் கணக்கிட்டு, பேசுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

வென்றவர்களின் கொள்கை எனக்கு அருவருப்பு. தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. எதிரே கல்லெறிகிறவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் போட்டிருந்தால், ஹோசியா வில்லியம்ஸ் மாதிரி ஆட்கள்தான் எப்போதும் அதிகம் கட்டவேண்டி வந்திருக்கும்.

பிறகு எப்போது மாறியது? பேரணியால்தானா?

பேரணி கதவைத் திறந்தது. ஆட்களைக் கொண்டுவந்தது ஜி.ஏ. 400 நெடுஞ்சாலையும் ஆல்ஃபரெட்டா பக்கம் முளைத்த தொழில்நுட்ப அலுவலகங்களும்.

1990-இல் கவுண்டி மக்கள்தொகை 44,083. 2000-இல் 98,407. 2010-இல் 1,75,511. 2020-இல் 2,51,283. கோழிப் பண்ணைகளும் மேய்ச்சல் நிலமும் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். 2020 கணக்கெடுப்பில் ஆசியர்கள் சுமார் 18 சதவீதம், அதில் பெரும்பகுதி இந்தியர்கள். தெற்கு ஃபோர்சைத்தில் மாலையில் நடக்கப் போனால் தெலுங்கும் தமிழும் காதில் விழும். வார இறுதியில் தமிழ் வகுப்பு, கிரிக்கெட், பரதநாட்டியம், நவராத்திரி கொலு எல்லாம் உண்டு.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். அதே 2020-இல் கறுப்பினத்தவர் சுமார் 4 சதவீதம். ஜார்ஜியா மாநிலம் முழுவதும் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறார்கள். "இப்போது எல்லா இனத்தவரும் இருக்கிற கவுண்டி" என்று வீட்டுத் தரகர் பெருமையாகச் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பன்மையில் விரட்டப்பட்டவர்களின் பங்குதான் மிகக் குறைவு.

நாம் நேற்று வந்தவர்கள். இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. "நாம யாரையும் விரட்டலையே, கடன் வாங்கி வீடு வாங்கினோம், வரி கட்டுறோம்" என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் நாம் எப்படி வந்தோம் என்பதையும் கேட்க வேண்டும்.

1917-இல் அமெரிக்கா இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேற்றத்தைத் தடை செய்தது. 1923-இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் குடியுரிமையை எதிர்த்து அரசு போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 1946-இல் ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். நூறே பேர், நாடு முழுவதற்கும்.

அந்தப் பூட்டை உடைத்தது 1965 குடியேற்றச் சட்டம். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபரில் குடியேற்றச் சட்டம். பிறந்த நாட்டை வைத்தும் இனத்தை வைத்தும் ஆளைத் தரம் பிரிக்கக் கூடாது என்ற குரல் நாடெங்கும் உயர்ந்த காலத்தில், அந்தக் குரல் ஏற்படுத்திய நெருக்கடியில், அந்தச் சட்டம் நிறைவேறியது. செல்மா பாலத்தில் அடிபட்டவர்கள் நமக்காக நடக்கவில்லை. அவர்கள் நடந்ததால் நமக்கும் வழி பிறந்தது. வீட்டை இனம் பார்த்து விற்கக் கூடாது என்ற 1968 வீட்டு உரிமைச் சட்டமும் அப்படித்தான். இன்று கோபாலகிருஷ்ணன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் வீடு இல்லை என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அது சட்டவிரோதம்.

கறுப்பினத்தவர் கொடுத்த விலையில் கிடைத்த உரிமையோடு, கறுப்பினத்தவர் விரட்டப்பட்ட மண்ணில் வீடு கட்டியிருக்கிறோம். இதற்காக நாம் குற்ற உணர்ச்சியில் உழல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், மரியாதையோடு பேச வேண்டும். நம் வீட்டுக் கூட்டங்களில் கறுப்பினத்தவரைப் பற்றிச் சிலர் அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "அந்த ஏரியா வேண்டாம், அங்கே அவங்க ஜாஸ்தி" என்கிற பேச்சு. ஃபோர்சைத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கும்.

இப்போது பாதுகாப்பான ஊர்தானா? பள்ளியில் பிரச்சினை வருமா?

அன்றாட வாழ்க்கையில் பாதுகாப்பான ஊர். பயப்பட வேண்டாம். ஆனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2021-இல் பள்ளிகளில் பன்மைத்துவம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதை எதிர்த்துப் பள்ளி வாரியக் கூட்டங்களில் பெரிய ரகளை நடந்தது. 2022-இல் பள்ளி நூலகங்களிலிருந்து சில புத்தகங்கள் நீக்கப்பட்டன. மத்திய கல்வித் துறை விசாரித்து, அந்த நடவடிக்கை சில மாணவர்களுக்குப் பகைமையான சூழலை உண்டாக்கியிருக்கலாம் என்று 2023-இல் சொன்னது. பள்ளி நிர்வாகம் ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது.

நம் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளிகளில் பெரும் எண்ணிக்கையில் படிக்கிறார்கள். மதிப்பெண், போட்டித் தேர்வு என்றால் மண்டபம் நிரம்ப வருகிற நாம், வாரியக் கூட்டங்களுக்கும் போகலாம். குடியுரிமை பெற்றவர்கள் பள்ளி வாரியத் தேர்தலில் தவறாமல் வாக்களிக்கலாம்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்வது?

என் அனுபவத்தில், நடுநிலைப் பள்ளிக்கு வரும்போது தாங்குவார்கள். ராப் எட்வர்ட்ஸுக்கு நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. விரட்டப்பட்ட குடும்பங்களையும், 90 பேர் நடந்து அடிபட்டதையும், அடுத்த வாரமே 20,000 பேர் வந்ததையும் சொல்லுங்கள். எர்னஸ்ட் நாக்ஸுக்கு 16 வயது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

நினைவுச் சின்னம் ஏதாவது இருக்கிறதா?

பல ஆண்டுகள் எதுவுமே இல்லை. 2021-இல் கம்மிங் நகர மையத்தில் ராப் எட்வர்ட்ஸ் கொலையையும் 1912 வெளியேற்றத்தையும் பதிவு செய்யும் வரலாற்றுப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. உள்ளூர்க் குழு ஒன்றும் அலபாமாவின் ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பும் சேர்ந்து வைத்தார்கள். அதே அமைப்பு மான்ட்கோமரியில் 2018-இல் திறந்த நினைவிடத்தில், கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் இரும்புத் தூண் தொங்குகிறது. ஃபோர்சைத்துக்கும் ஒன்று உண்டு.

இங்குள்ள தேவாலயங்கள் சில சேர்ந்து, விரட்டப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் கல்லூரி உதவித்தொகை தருகின்றன. அரசு செய்யாததைத் தனி மனிதர்கள் செய்கிறார்கள். நல்ல காரியம், ஆனால் நிலத்துக்கு ஈடாகாது. நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் அதை விசாரித்துக் கொடுக்கலாம்.

என் மனை 1912-இல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். உங்கள் பத்திரத்தை எடுங்கள். அதில் லேண்ட் லாட் எண், டிஸ்ட்ரிக்ட், செக்ஷன் என்று மூன்று விவரம் இருக்கும். அவை 1832 குலுக்கலுக்காக செரோக்கி நிலத்தை அளந்து போட்ட எண்கள். இங்கே ஒரு லாட் 40 ஏக்கர், தங்கம் தோண்டுவதற்காகப் பிரித்தது. இன்று உங்கள் குடியிருப்பு முழுவதும் ஒன்றிரண்டு லாட்டுக்குள் அடங்கிவிடலாம்.

கம்மிங் நீதிமன்றத்தில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க் அலுவலகம் பத்திரப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. விற்றவர், வாங்கியவர் அட்டவணையை வைத்து ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போங்கள். கட்டுமான நிறுவனம், அதற்கு முன் ஒரு விவசாயக் குடும்பம், அதற்கு முன் அவர்களுடைய அப்பா, தாத்தா என்று போகும். 1912-க்குப் பக்கத்தில் சங்கிலி அறுந்தால், அங்கிருந்து வரிப் பதிவேட்டுக்கு மாறுங்கள். அந்தக் காலத்து ஜார்ஜியா வரிப் பதிவேடுகளில் கறுப்பினத்தவர் பெயர்கள் தனிப் பக்கத்தில் இருக்கும். பெயர், லாட் எண், எத்தனை ஏக்கர், வீட்டுச் சாமான்களின் மதிப்பு, மாடுகளின் மதிப்பு. 1912 பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளில் பாருங்கள். 1910 கணக்கெடுப்புத் தாள்களும் உதவும். சொந்த வீடா, வாடகையா என்பதுகூட அதில் குறிக்கப்பட்டிருக்கும். பழைய வரிப் பதிவேடுகள் அட்லாண்டாவுக்குத் தெற்கே மாரோவில் உள்ள ஜார்ஜியா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போகும் முன் எந்த நாட்களில் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாட் எண்ணைக் கையோடு எழுதி எடுத்துப் போங்கள்.